கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் விழுந்தால்: லென்ஸை வீட்டிலேயே சோதிக்கும் முறை

50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கிய பலரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு. கண்ணில்தான் ஃபோகஸ் வைத்தேன், வியூஃபைண்டரில் ஃபோகஸ் புள்ளியும் எரிந்தது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காது துல்லியமாக இருக்கிறது, கண் மசமசவென்று இருக்கிறது. லென்ஸ் பழுதா?

இருக்கலாம். ஆனால் அந்த ஒரு படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாக விடை வேண்டும். லென்ஸுக்குத் துல்லியமான படம் தரும் திறமை இருக்கிறதா? ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் நிற்கிறதா? அப்படி நிற்கும் இடம், நாம் குறிவைத்த இடத்திலிருந்து எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளியிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால்தான் கேமராவின் மெனுவுக்குள் போய் ஃபோகஸைத் திருத்தும் எண்ணை மாற்றுவதில் அர்த்தம் உண்டு. பெரும்பாலோர் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து, மேசைமேல் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, ஒரே ஒரு படம் எடுத்து, ‘பிளஸ் 8’ என்று போட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரம் அது ‘மைனஸ் 5’ ஆகிறது. லென்ஸ் அப்படியேதான் இருக்கிறது. மாறிக்கொண்டே இருப்பது சோதனைதான்.

கையில் பிடித்து எடுத்த முகப்படம் ஏன் சாட்சி ஆகாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் இந்த லென்ஸை எஃப்/1.8இல் முழுக்கத் திறந்து, 1.25 மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், புத்தகக் கணக்குப்படி ஃபோகஸில் இருக்கும் ஆழம் சுமார் 4.3 செ.மீ. அந்தக் கணக்கு சென்சாரில் 0.02 மி.மீ. வரையுள்ள மங்கலை மன்னித்துவிடும். சின்ன பிரிண்ட் போட அது போதும். 24 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீத அளவில் பார்ப்பவர் அவ்வளவு தாராளமாக இருக்க மாட்டார். இரண்டு பிக்சல் மங்கலைத்தான், அதாவது 0.008 மி.மீ.யைத்தான், பொறுத்துக்கொள்வோம் என்றால் ஆழம் 1.7 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. எடுப்பவர் மூச்சு விடும்போதே உடம்பு அவ்வளவு ஆடும்.

இதைவிடப் பெரிய குற்றவாளி, நடுப்புள்ளியால் ஃபோகஸ் பிடித்துவிட்டு ஃப்ரேமைத் திருப்பும் பழக்கம். 1.25 மீட்டரில் ஃபோகஸ் பிடித்து, கேமராவை 15 டிகிரி திருப்பினால், ஃபோகஸ் தளம் அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஏறக்குறைய 4 செ.மீ. தள்ளிப் போய்விடும். கேமராவிலும் பிழை இல்லை, லென்ஸிலும் இல்லை. ஆனால் படத்தில் தெரிவது அசல் பேக் ஃபோகஸ், அதாவது குறிக்குப் பின்னால் விழும் ஃபோகஸ். ‘பேக் ஃபோகஸ்’ என்று வரும் புகார்களில் இந்த வகை நிறைய.

பிழை எங்கே பிறக்கிறது

உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் படம் பிடிப்பது ஒரு சென்சார், ஃபோகஸ் அளப்பது வேறொரு சென்சார். முன்னால் சாய்ந்து நிற்கும் பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை உள்ளே விடும். அந்த ஒளி பின்னாலுள்ள குட்டிக் கண்ணாடியில் பட்டுக் கீழே திரும்பி, அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கும் ஆட்டோஃபோகஸ் மாட்யூலுக்குப் போகிறது. லென்ஸ் மவுன்ட்டிலிருந்து படச் சென்சார் வரையுள்ள தூரமும், குட்டிக் கண்ணாடி வழியாக மாட்யூல் வரையுள்ள தூரமும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிசகினால், மாட்யூல் ‘சரி’ என்று சொல்லும் இடமும் சென்சாருக்குச் சரியான இடமும் வேறு வேறாகிவிடும்.

எவ்வளவு பிசகு? மேலே சொன்ன 1.25 மீட்டரில், முகத்தின் மேல் 2 செ.மீ. தவறு என்பது கேமராவுக்குள் 0.035 மி.மீ. தவறுக்குச் சமம். ஏ4 தாள் ஒன்றின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. குட்டிக் கண்ணாடி ஒவ்வொரு படத்துக்கும் மடங்கி, மறுபடி வந்து தன் இடத்தில் நிற்கிறது. அந்த அசையும் பாகத்திடம் இந்த அளவு துல்லியத்தை எதிர்பார்க்கிறோம். பல லட்சம் கேமராக்களில் இது சரியாகவே வேலை செய்வதுதான் ஆச்சரியம்.

பிழையில் லென்ஸுக்கும் பங்கு உண்டு. மாட்யூல் லென்ஸின் முழுத் திறப்பையும் பார்ப்பதில்லை. சாதாரணப் புள்ளிகள் எஃப்/5.6 அளவு வட்டத்தின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிடுகின்றன. சில நடுப்புள்ளிகள் எஃப்/2.8 வட்டத்தின் ஓரங்களைப் பார்ப்பதால் நுட்பம் கூடும். எஃப்/1.8இல் முழு வட்டமும் சேர்ந்து உருவாக்கும் படத்தின் சிறந்த ஃபோகஸ் இதிலிருந்து சற்று விலகியிருக்கும். அந்த விலகலுக்கான திருத்தத்தை லென்ஸிலுள்ள சிப் கேமராவுக்குச் சொல்கிறது. அந்த எண் லென்ஸ் மாடலுக்குப் பொதுவானது. உங்கள் கையிலிருக்கும் லென்ஸ் சராசரியிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கலாம். அதனால்தான் ஒரே கேமராவில் ஒரு லென்ஸ் சரியாகவும் இன்னொன்று தவறாகவும் அடிக்கும்.

ஸ்கேலும் அட்டையும்

கடையில் விற்கும் சோதனைக் கருவிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவை செய்வதை ஒரு அட்டைப்பெட்டியும் பள்ளிப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸும் செய்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் 45 டிகிரி சார்ட்டை அச்சடித்து, மேசையில் படுக்கவைத்து, கேமராவைச் சாய்வாக வைத்து, நடுவிலுள்ள கறுப்புக் கோட்டில் நேரடியாக ஃபோகஸ் வைப்பதுதான் இந்தச் சோதனையில் மக்கள் செய்யும் முதல் தப்பு. வியூஃபைண்டரில் தெரியும் சதுரத்தைவிட ஆட்டோஃபோகஸ் சென்சார் பார்க்கும் இடம் பெரியது. சாய்ந்த தாளில் அது பார்க்கும் இடத்துக்குள் முன்னால் இருக்கும் கோடும் வரும், பின்னால் இருக்கும் எழுத்தும் வரும். எதில் கறுப்பு வெள்ளை மாறுபாடு அதிகமோ அதைப் பிடித்துக்கொள்ளும். கேமரா எதைப் பிடித்தது என்றே தெரியாதபோது பிழையை எப்படி அளப்பது?

எனவே குறிபார்க்க ஒன்று, அளக்க ஒன்று என்று இரண்டு பாகம் வேண்டும். குறி என்பது கேமராவுக்கு நேராக, செங்குத்தாக நிற்கும் தட்டையான அட்டை. ஏ4 தாளில் தடித்த கறுப்பு வெள்ளைக் கட்டங்களோ, ஒன்றையொன்று வெட்டும் கோடுகளோ அச்சடித்து, வளையாத அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் இரண்டும் இருக்க வேண்டும். சில ஃபோகஸ் புள்ளிகளுக்கு ஒரு திசைக் கோடு மட்டுமே தெரியும். ஃபோகஸ் சதுரத்தைப் போல மூன்று மடங்காவது அந்த வடிவம் பரந்திருக்கட்டும்.

அளக்க, பக்கத்திலேயே 45 டிகிரி சாய்வில் ஒரு ஸ்கேல், அடிமுனை கேமராப் பக்கமும் மேல்முனை பின்பக்கமுமாக. சாய்வுக்கு ஜியாமெட்ரி பாக்ஸிலுள்ள இரண்டு மூலைமட்டங்களில் இருபக்கமும் சமமான முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தெர்மாகோலில் குத்தி நிறுத்தினால் போதும். ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம், பளபளத்துக் கோடுகளைத் தின்றுவிடும். தையல் டேப்பில் 30 செ.மீ. நீளத்தை அட்டையில் ஒட்டிக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. டேப்பின் 15 செ.மீ. கோடு, குறி அட்டையின் முன்முகத்தோடு ஒரே தளத்தில் இருக்க வேண்டும். அட்டையின் தடிமனையும் கணக்கில் சேர்த்துத்தான். சாய்ந்த ஸ்கேலில் 10 மி.மீ. என்று படிப்பது உண்மையான ஆழத்தில் 7 மி.மீ. என்பதை நினைவில் வையுங்கள்.

தூரம்: ஃபோகல் நீளத்தைப் போல 25 முதல் 50 மடங்கு. 50 மி.மீ.க்கு 1.25 முதல் 2.5 மீட்டர், 85க்கு 2.1 முதல் 4.25 மீட்டர். 25 மடங்கில் ஸ்கேலின் ஒரு மி.மீ. இடைவெளி, சாய்வில் குறுகிய பிறகும், ஏறக்குறைய 7 பிக்சல் அளவுக்கு விழும், தெளிவாகப் படிக்கலாம். 50 மடங்கில் அது பாதியாகிவிடும். அங்கே 5 மி.மீ. இடைவெளியில் தடித்த கோடுகளை அச்சடித்துக்கொள்வது நல்லது. இந்த லென்ஸை எதற்கு அதிகம் பயன்படுத்துவீர்களோ அந்தத் தூரத்துக்கு அருகில் சோதிப்பதுதான் சிறந்தது. முகப்படத்துக்கு வைத்திருக்கும் லென்ஸை அரை மீட்டரில் சோதித்துப் பயனில்லை.

கேமரா அட்டைக்கு நேராக நிற்கிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஒரு சின்ன முகக்கண்ணாடியை அட்டையின் நடுவில் ஒட்டிப் படியவைத்து, லைவ் வியூவில், அதாவது சென்சார் பார்ப்பதை நேரடியாகக் காட்டும் பின்திரையில், பாருங்கள். கண்ணாடியில் தெரியும் உங்கள் லென்ஸின் பிம்பம் ஃப்ரேமின் மையத்தில் வந்து உட்காரும்வரை அட்டையைத் திருப்புங்கள். வந்துவிட்டால் சென்சாரும் அட்டையும் இணை. கண்ணாடியை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்ல வேண்டும். மஞ்சள் குண்டு பல்பின் கீழ் எடுத்த சோதனை, வெயிலில் எடுக்கும் படத்துக்குப் பொருந்தாமல் போகலாம். சிவப்பு மிகுந்த ஒளி லென்ஸில் குவியும் இடமும் பகல் ஒளி குவியும் இடமும் சற்று வேறு. ஃபோகஸ் மாட்யூலும் படச் சென்சாரும் அந்தச் சிவப்பை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. மலிவான எல்இடி பல்புகள் வினாடிக்கு 100 முறை துடிப்பது இன்னொரு தொல்லை. ஜன்னலருகே, நேர்வெயில் படாத பகல் வெளிச்சம் போதும். ஐஎஸ்ஓ 100, எஃப்/1.8 வைத்து மீட்டர் 1/125 அல்லது அதைவிட வேகமான ஷட்டரைக் காட்டினால் ஆட்டோஃபோகஸுக்குத் தேவையான வெளிச்சம் இருக்கிறது. அறை மங்கலாக இருந்து ஃபோகஸ் உதவி விளக்கு எரிந்தால் சோதனையை நிறுத்திவிடுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள், அட்டை ஆடும்.

எடுக்கும் வரிசை

ட்ரைபாடின் நடுத்தண்டை ஏற்றாமல் வையுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள், யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள், லென்ஸின் உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை துடையுங்கள். ஒற்றை ஃபோகஸ் முறை, நடுப்புள்ளி மட்டும், அப்பர்ச்சர் முழுத்திறப்பு, இரண்டு வினாடி டைமர், கண்ணாடியை முன்கூட்டியே தூக்கும் வசதி இருந்தால் அதுவும். கேமராவில் ஏற்கெனவே ஏதாவது ஃபோகஸ் திருத்த எண் இருந்தால் பூஜ்யமாக்குங்கள். செகண்ட் ஹேண்ட் கேமராவில் பழைய சொந்தக்காரர் போட்ட எண் அப்படியே கிடப்பது சகஜம்.

முதலில் லைவ் வியூ. படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, குறி அட்டையில் ஃபோகஸ் வைத்து மூன்று படம். இங்கே ஃபோகஸைத் தீர்மானிப்பது படச் சென்சாரே என்பதால் கண்ணாடிப் பாதையின் பிழை வராது. இந்த மூன்றும் இரண்டு வேலை செய்யும். குறி அட்டை இதிலேயே மங்கலாக இருந்தால் உங்கள் பிரச்சினை ஃபோகஸ் அல்ல, லென்ஸின் ஒளியியல். மேற்கொண்டு எந்த எண்ணைத் திருகியும் பயனில்லை. அட்டையில் நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி வில்லை சாய்ந்திருக்கிறது, அனேகமாகக் கீழே விழுந்த லென்ஸ். குறி துல்லியமாக இருந்து, ஸ்கேலில் மட்டும் 15 செ.மீ. கோட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளிக் காட்டினால் அது நீங்கள் ஸ்கேலை வைத்ததில் உள்ள பிழை. அந்த 2 மி.மீ.யைப் பின்னால் வரும் எல்லா அளவுகளிலும் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வியூஃபைண்டர் வழியாக. ஃபோகஸ் வளையத்தைக் கையால் முடிவிலிக்குத் திருப்புங்கள். பட்டனைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பிடித்ததும் எடுங்கள். மறுபடி முடிவிலிக்குத் திருப்பி, மறுபடி. இப்படி ஐந்து. அடுத்து வளையத்தை மிக அருகிலுள்ள தூரத்துக்குத் திருப்பி அங்கிருந்து ஐந்து. ஒவ்வொரு முறையும் கலைத்துவிட்டுப் பிடிப்பதுதான் முக்கியம். கலைக்காமல் பட்டனை அழுத்திக்கொண்டே போனால், கேமரா ‘ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது’ என்று மோட்டாரை அசைக்கவே அசைக்காது. ஒரே ஃபோகஸைப் பத்துமுறை படம் எடுத்துவிட்டு ‘அடடா, என்ன ஒரு சீர்மை’ என்று மகிழ வேண்டியதுதான்.

இரு திசைகளிலிருந்தும் வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேமரா ஒரு புள்ளியைத் தேடுவதில்லை, ஏற்கத்தக்க ஒரு பட்டைக்குள் வந்ததும் நின்றுவிடுகிறது. முடிவிலியிலிருந்து வரும்போது பட்டையின் பின் ஓரத்திலும், அருகிலிருந்து வரும்போது முன் ஓரத்திலும் நிற்க வாய்ப்பு அதிகம். லென்ஸின் பற்சக்கரங்களில் தேய்மானத் தளர்வு இருந்தால் இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் இன்னும் கூடும்.

படிப்பது எப்படி

நூறு சதவீதத்தில் பார்த்து, ஸ்கேலில் எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோடு வரை துல்லியமாக இருக்கிறது என்று குறித்து, நடுவை எடுங்கள். இங்கே ஒரு பழைய பாடம் பலரைக் கெடுத்திருக்கிறது: ‘ஃபோகஸ் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால்’. அது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டும் உண்மை. நாம் சோதிக்கும் தூரங்களில் முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. ஒன்றுக்கு இரண்டு என்று எதிர்பார்த்துத் திருத்துபவர், சரியாக இருந்த கேமராவைக் கெடுத்துவிடுவார்.

துல்லியத்தின் எல்லை கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் நிறத்தைப் பாருங்கள். வேகமான லென்ஸ்களில் முழுத்திறப்பில், ஃபோகஸுக்கு முன்னாலிருக்கும் கறுப்புக் கோடுகளின் ஓரத்தில் ஊதாச் சாயலும், பின்னாலிருப்பவற்றில் பச்சைச் சாயலும் தட்டும். ஊதா போய்ப் பச்சை தொடங்கும் இடமே ஃபோகஸ் தளம். சாதாரணமாக எரிச்சலூட்டும் இந்தக் குறை இங்கே நல்ல அளவுகோல். நிறச்சாயல் நீக்கும் வசதியைக் கணினியில் அணைத்துவிட்டுப் பாருங்கள். இலவசமான கிம்ப் மென்பொருளில் விளிம்புகளைக் காட்டும் ஃபில்டரைப் போட்டால், துல்லியமான பகுதி மட்டும் வெள்ளைக் கோடுகளாக எழுந்து நிற்கும், அதுவும் உதவும்.

15 செ.மீ. கோட்டிலிருந்து பின்பக்கம் தள்ளியதை மி.மீ.யில் கூட்டலாகவும் முன்பக்கத்தைக் கழித்தலாகவும் குறிக்கலாம். ஒரு லென்ஸ் முடிவிலியிலிருந்து வந்தபோது 16, 19, 14, 18, 17 என்றும், அருகிலிருந்து வந்தபோது 9, 12, 8, 11, 10 என்றும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 13.4 மி.மீ.; உண்மையான ஆழத்தில் 9.5 மி.மீ. பின்னால். பத்தும் ஒரே பக்கம். இது திருத்தத்துக்கு ஏற்ற லென்ஸ். இன்னொரு லென்ஸ் 12, -9, 3, -14, 7 என்று காட்டினால் சராசரி பூஜ்யத்தை ஒட்டி வரும், படங்களோ பாதிக்குமேல் கெட்டுப்போகும். இதைத் திருத்த எந்த எண்ணும் கிடையாது. வெளிச்சம் போதவில்லையா, குறியில் மாறுபாடு குறைவா, தொடுமுனை அழுக்கா என்று பாருங்கள். இதே கேமராவில் வேறு லென்ஸ் போட்டும் சிதறினால் குட்டிக் கண்ணாடியையோ மாட்யூல் மேல் படிந்த தூசியையோ சந்தேகிக்கலாம்.

எண்ணை மாற்றுவது

ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாக ஃபோகஸைத் திருத்தும் வசதி 2007இல் கேனான் இஓஎஸ்-1டி மார்க் 3, நிக்கான் டி3, டி300 கேமராக்களோடு வந்தது. கேனானில் அதன் பெயர் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், கஸ்டம் ஃபங்ஷன் பகுதியில் இருக்கும். நிக்கானில் ஏஎஃப் ஃபைன்-ட்யூன், செட்டப் மெனுவில். இரண்டிலும் -20 முதல் +20 வரை. பிளஸ் போட்டால் ஃபோகஸ் கேமராவைவிட்டு விலகும், மைனஸ் போட்டால் நெருங்கும். ஆக பேக் ஃபோகஸுக்கு மைனஸ், குறிக்கு முன்னால் விழும் ஃப்ரன்ட் ஃபோகஸுக்கு பிளஸ். நிக்கானில் எண்ணைச் சேமித்தபின் அந்த மெனுவின் தலைச்சுவிட்சை ‘ஆன்’ செய்யாவிட்டால் எதுவும் நடக்காது. ‘எண் மாற்றியும் வித்தியாசமே இல்லை’ என்பவர்களில் பலர் இங்கேதான் சிக்கியிருப்பார்கள்.

ஒரு படி என்பது இத்தனை மி.மீ. என்று தூரத்தில் நிலையாகச் சொல்ல முடியாது. லென்ஸுக்கு லென்ஸ் மாறும். அதனால் 9.5 மி.மீ. பிழைக்கு எந்த எண் என்று கணக்குப் போட்டுத் திணறாமல், -20, -10, 0, +10, +20 என்று ஐந்து நிலைகளில் நிலைக்கு மூன்று படமாக எடுத்து, நல்லதைச் சுற்றி மூன்று மூன்று படியாக நெருங்குங்கள். எது மிகத் துல்லியம் என்று கண்ணால் தேர்வது களைப்பான வேலை. ஜேபெக் கோப்பின் அளவைப் பாருங்கள். அட்டை, வெளிச்சம், எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ எதுவும் மாறாதபோது, நுணுக்கம் அதிகமுள்ள படத்தின் கோப்புதான் பெரிதாக இருக்கும். இந்தச் சுற்றில் ஸ்கேலை எடுத்துவிட்டு, ஃப்ரேம் முழுக்கத் தட்டையான அச்சுத்தாள் இருக்குமாறு எடுங்கள். பழைய செய்தித்தாளைச் சுவரில் ஒட்டினாலே போதும். கோப்பு அளவுகளை வரிசையாக எழுதினால் மேடுபோல் ஏறி இறங்கும். உச்சியில் இரண்டு மூன்று எண்கள் சமமாக இருந்தால் அவற்றின் நடுவைத் தேர்ந்தெடுங்கள். கடைசியில் ஸ்கேலை மறுபடி வைத்துப் பத்துப் படம் எடுத்து உறுதி செய்யுங்கள்.

படமே எடுக்காமல் முடிக்கும் வழியும் ஒன்று உண்டு. லைவ் வியூவில் துல்லியமாக ஃபோகஸ் வைத்துவிட்டு, லென்ஸைக் கைமுறை ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். வளையத்தைத் தொடாமல் திருத்த எண்ணை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றிலும் பட்டனைப் பாதி அழுத்தி வியூஃபைண்டரில் ஃபோகஸ் புள்ளி நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். -14இல் தொடங்கி +2 வரை எரிகிறது என்றால் நடு எண்ணான -6 உங்களுக்கானது. வேகமான முறை. ஆனால் லென்ஸின் மோட்டார் போய் நிற்பதில் உள்ள பிழையை இது பார்ப்பதில்லை, அதனால் ஸ்கேல் சோதனையோடு சேர்த்துப் பயன்படுத்துவதே நல்லது. 2016இல் வந்த நிக்கான் டி5, டி500 தொடங்கிச் சில கேமராக்கள் லைவ் வியூ ஃபோகஸோடு ஒப்பிட்டுத் தாமே எண்ணைப் போட்டுக்கொள்ளும். ஒரே தடவையில் நம்பாமல் ஐந்தாறு முறை ஓட்டி, வரும் எண்களின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூமில் அகல முனைக்கும் தொலை முனைக்கும் வேறு வேறு பிழை இருக்கும். கேனான் 5டி மார்க் 3, 70டி, 80டி போன்றவற்றில் இரண்டுக்கும் தனி எண் போடலாம். ஒரே எண்தான் போட முடியும் என்றால் தொலை முனைக்குச் சரிசெய்யுங்கள், அகல முனையில் ஆழம் அதிகம், பிழை மறைந்துவிடும். தூரத்துக்குத் தூரம் பிழை மாறும் லென்ஸ்களுக்கு கேமராவின் ஒற்றை எண் போதாது. சிக்மா லென்ஸ்களைக் கணினியில் இணைத்துத் திருத்தும் யுஎஸ்பி டாக் கருவி நான்கு தூரங்களுக்கும், ஜூம் என்றால் நான்கு ஃபோகல் நீளங்களிலும் சேர்த்துப் பதினாறு எண்களுக்கும் இடம் தருகிறது. டாம்ரானின் டேப்-இன் கன்சோலும் அதே வகை. பொறுமைசாலிகளுக்கான வேலை.

எஃப்/1.8இல் எல்லாம் சரியாகி, எஃப்/2.8இல் மட்டும் ஃபோகஸ் பின்னால் போவதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அப்பர்ச்சரைச் சுருக்கும்போது லென்ஸின் ஓர ஒளி வெட்டப்பட்டு, சிறந்த ஃபோகஸ் தளமே நகர்கிறது. கேனான் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.2எல் இதற்குப் பெயர்போனது. டிஎஸ்எல்ஆர் எப்போதும் முழுத்திறப்பில்தான் ஃபோகஸ் அளப்பதால் இந்த நகர்வு அதற்குத் தெரியாது. எந்த அப்பர்ச்சரில் அதிகம் எடுப்பீர்களோ அதற்கேற்ப எண்ணை வைப்பதுதான் ஒரே சமரசம். சோதிக்க, ஒருமுறை ஃபோகஸ் வைத்துக் கைமுறைக்கு மாற்றிவிட்டு, எஃப்/1.8, 2, 2.8, 4 என்று வரிசையாக எடுத்து ஸ்கேலைப் படியுங்கள்.

கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸ் அளப்பதும் படம் பிடிப்பதும் ஒரே சென்சார். எனவே இந்த வகை நிலையான பிழை அநேகமாக இல்லை. டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டரில் மாட்டினாலும் அப்படித்தான். விதிவிலக்கு, சோனியின் எல்ஏ-இஏ4 போன்ற அடாப்டர்கள். அவற்றுக்குள்ளேயே ஒரு கண்ணாடியும் ஃபோகஸ் மாட்யூலும் இருப்பதால் பழைய தொல்லை திரும்பி வரும். மற்றபடி மிரர்லெஸ்ஸில் கண் தப்பினால், ஃபோகஸ் சதுரம் பெரிதாக இருந்து இமைமுடியையோ புருவத்தையோ பிடித்ததா என்பதை முதலில் பாருங்கள்.

கேனான் 1500டி, நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களில் திருத்த மெனுவே கிடையாது. அவற்றுக்கான லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகும்போது ஐந்து பென்சில் செல்களைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடை மேசையில் குறுக்குவாட்டில், ஒவ்வொன்றும் 2 செ.மீ. பின்னால் தள்ளி நிற்குமாறு வரிசையாக வைத்து, ஒன்றையொன்று மறைக்காதபடி நடுச் செல்லில் ஃபோகஸ் வைத்து முழுத்திறப்பில் ஏழெட்டுப் படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப நான்காவது செல்லின் எழுத்துதான் தெளிவாகத் தெரிகிறது என்றால் உங்கள் கேமராவோடு அந்த லென்ஸ் ஒத்துப்போகாது. வேறொன்றைக் கேளுங்கள்.

திருத்த எண் 15ஐத் தாண்டினாலோ, நடுப்புள்ளி சரியாக இருந்து ஓரப் புள்ளிகள் மட்டும் தவறினாலோ சர்வீஸ் சென்டர்தான் வழி. குட்டிக் கண்ணாடி நிற்கும் இடத்தை மாற்ற உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கும். அறுகோணச் சாவியால் அதைத் திருப்பும் காணொளிகளும் கிடைக்கும். அதைத் தொட்டால் எல்லா லென்ஸும் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து நகரும், பழைய இடத்துக்குத் திரும்பும் அடையாளமும் இருக்காது. சர்வீஸுக்கு லென்ஸை மட்டும் அனுப்பாமல் கேமராவையும் சேர்த்தே கொடுங்கள். திருத்த எண்ணைப் பூஜ்யமாக்கி எடுத்த ரா கோப்புகள், லைவ் வியூவில் எடுத்த ஒப்பீட்டுப் படம், சோதித்த தூரம், பத்து அளவுகள் எழுதிய தாள் எல்லாவற்றையும் உடன் வையுங்கள். ‘ஃபோகஸ் சரியில்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ‘சோதித்தோம், அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று திரும்பி வர வாய்ப்பு அதிகம். கேமராவின் மாட்யூலைச் சரிசெய்து தந்திருந்தால், நீங்கள் முன்பு மற்ற லென்ஸ்களுக்குப் போட்டுவைத்த எண்கள் எதுவும் இனிச் செல்லாது. எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு லென்ஸையும் லைவ் வியூவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.